கூற்றும் களனும்: நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றி ஒரு விமர்சனம்

சட்டமொன்றைப் பற்றி இலக்கிய விமர்சகன் அபிப்பிராயம் கூறலாமா என்று கேட்போர் உளர். சட்டம் சட்டத்தரணிகளுக்கும் கவிதை கவிஞர்களுக்கும் உரியதென எல்லை பிரித்துக்கொண்டு வாழ்பவர் அவர்கள். ஆயின், ஒரு சட்டம் மனிதனுடைய பேச்சையும் எழுத்தையுமே தன் பொருளாகக் கொண்டு, இச்சொல் பொய்யானது, இச்சொல் பகையை மூட்டுவது, இச்சொல் நல்லெண்ணத்துடன் கூறப்பட்டது என்று தரம் பிரிக்க முற்படும்போது, அது விமர்சகனின் தொழிலையே மேற்கொள்கின்றது. அங்ஙனமாயின் அது நல்ல விமர்சகனா, தீய விமர்சகனா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றது இக்கட்டுரை.

இச்சட்டத்துக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றிற் பரிமாறப்பட்ட உணவில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதென்ற கட்டுக்கதை பேஸ்புக் வாயிலாகப் பரவிற்று. உணவிற் கலந்து மலடாக்கக்கூடிய மாத்திரை எதுவும் இல்லையென மருத்துவர்கள் விளக்கியும் பயனில்லை. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அதனைத் தொடர்ந்து திகனவிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரியூட்டப்பட்டன. மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவை முடக்கப்பட்டன.

அந்நாட்களில், முஸ்லிம்களைக் கொல்லுமாறு அழைத்த சிங்களப் பதிவொன்றைப் பற்றி முறைப்பாடு செய்தவருக்குச் சில நாட்களின் பின் பதில் கிடைத்தது: அப்பதிவு தமது விதிகளுக்கு முரணானதன்று என்று பேஸ்புக் கம்பனி கூறிற்று. சிங்களம் அறிந்த பரிசோதகர் போதியளவில் இல்லையென்பதே உண்மை நிலை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் பேஸ்புக்கில் பெருகும் வெறுப்புப் பேச்சைப் பற்றி 2014ஆம் ஆண்டிலேயே ஆய்வு வெளியிட்டு எச்சரித்திருந்தது. அவ்வெச்சரிக்கை செவியில் விழுந்ததாகத் தெரியவில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், தானே செய்வித்த மனித உரிமை மதிப்பீட்டை வெளியிட்டபோதுதான் கம்பனி இலங்கையில் நேர்ந்தவற்றுக்காக மன்னிப்புக் கோரிற்று. எரிந்த வீடுகள் இரண்டாண்டுகளுக்கு முன்னரே சாம்பராகியிருந்தன.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இனப்பகைமையைப் பேஸ்புக் சிருஷ்டித்தது என்று கூறுவது வரலாற்றைத் திரிப்பதாகும். 1915இல் கண்டியில் மூண்ட முஸ்லிம் எதிர்ப்புக் கலவரத்துக்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. 1958இலும் 1983இலும் வதந்தி காற்றிலேயே நடந்தது. பகைமையின் வேர் பொருளாதாரப் போட்டியிலும் அதனை இனவாதமாக மாற்றி அரசியல் இலாபம் தேடிய வர்க்கங்களின் நடத்தையிலும் உள்ளது. எனினும், வேர் பழையது என்பதற்காக அதற்குப் புதிதாக நீர் பாய்ச்சுபவன் குற்றமற்றவன் ஆகிவிடமாட்டான். அவன் எவ்வாறு பாய்ச்சுகின்றான், அதனால் அவனுக்குக் கிடைப்பது யாது என்பவையே இன்று ஆராயப்பட வேண்டியவை.

*

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புக்கள் முப்பத்து நான்கினை எண்ணுகின்றது. எழுத்து, அசை, சீர் ஆகியவற்றுடன் அது நின்றுவிடவில்லை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பனவற்றையும் உறுப்புக்களாகவே கொள்கின்றது. பேசுபவனை மாத்திரம் கொண்டு ஒரு சொல்லின் பொருளைத் துணிய முடியாது. எவர் கேட்டனர், எவ்விடத்தில், எப்பொழுது, எப்பயன் கருதி, எக்குறிப்போடு என்பனவும் சேர்ந்தே பொருள் முழுமையடைகின்றது என்ற அறிவு நம் மரபில் மிகப் பழையது. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் படிப்போம்.

2023 செப்ரெம்பரில் சட்டமூலமாக வர்த்தமானியில் வெளியான இச்சட்டம், நாற்பதுக்கு மேற்பட்ட மனுக்களால் உயர் நீதிமன்றத்திற் சவாலுக்குட்பட்டது. பல பிரிவுகள் திருத்தப்பட வேண்டுமென நீதிமன்றம் கூறிற்று. 2024 யனவரி 24ஆந் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறிற்று. நீதிமன்றம் விதித்த திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படவில்லை என்று குற்றஞ்சாட்டிச் சபாநாயகருக்கு எதிராக எதிர்க்கட்சியினர் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தனர். அது அவ்வாண்டு மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. சட்டமாகிய அதே ஆண்டில், அதனைத் திருத்த வேண்டுமென்பதை அரசாங்கமே ஏற்க வேண்டியதாயிற்று.

சட்டத்தின் மையத்தில் நிற்பது "பொய்யான கூற்று" என்ற கருத்து. கூறுபவர் பொய்யென அறிந்தோ நம்பியோ, ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் எண்ணத்துடன் கூறுவது பொய்யான கூற்று. நல்லெண்ணத்துடன் கூறப்படும் அபிப்பிராயம் அதனுள் அடங்காது என்பது அதன் வரைவிலக்கணத்தின் சாரம். ஏட்டளவில் இது குறைகூறத் தக்கதன்று. ஆயின், எண்ணம் என்பது உள்ளத்துள் இருப்பது. அதனை வெளியிலிருந்து துணிபவர் யார்? சனாதிபதியினால் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழு. நீதிமன்றம் ஒன்று சொல்லைப் பரிசீலிப்பதற்கு முன்னரே, அதனை இருபத்துநான்கு மணித்தியாலத்துள் அகற்றுமாறு அறிவித்தல் கொடுக்கும் அதிகாரம் இவ்வாணைக்குழுவிடம் உள்ளது. தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தல், பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தல், வகுப்புகளுக்கிடையே பகைமை என்னும் விரிந்த தொடர்களின் கீழ்ச் சிறைத்தண்டனையும் உண்டு.

விரிந்த தொடர்கள் ஏழை எழுத்தாளன் மீதே முதலில் வந்து விழும் என்பதற்கு நம் நாட்டில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சக்திக சத்குமார என்னும் சிங்களச் சிறுகதாசிரியர் பேஸ்புக்கில் வெளியிட்ட கதையொன்றுக்காக 2019 ஏப்ரிலிற் கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். அவர் மீது பாய்ந்த சட்டம், குடியியல் அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென 2007இல் இயற்றப்பட்ட சட்டம்! ரம்சி ராசிக் என்பவர் இனவாதத்தை எதிர்த்துப் பேனாவாலும் கணினி விசைப்பலகையாலும் கருத்துப் போர் புரிய வேண்டுமென 2020 ஏப்ரிலில் எழுதினார். அவர் கையாண்ட "ஜிஹாத்" என்ற சொல் மாத்திரம் அதிகாரிகளின் கண்ணிற் பட்டது; பேனா படவில்லை. ஐந்து மாதச் சிறைவாசத்தின் பின் பிணையில் வந்தார். அவரது கைது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியின் ஆசிரியர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதத்திற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள் அடைபட்டிருந்தார். 2023 டிசெம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இம்மூவரும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ்க் கைதானவர்களல்லர். அச்சட்டம் பிறப்பதற்கு முன்னரே இவை நிகழ்ந்தன. இவற்றை இங்கு நினைவூட்டுவதன் காரணம், நமது அரசு எத்தகைய வாசகன் என்பதை இவை காட்டுவதே. உருவகத்தை நேர்ப்பொருளாகவும், பாத்திரத்தின் குரலை ஆசிரியனின் குரலாகவும் படிக்கும் வாசகன் அவன். உயர்தர வகுப்பில் மாணவனொருவன் இங்ஙனம் ஒரு கவிதைக்குப் பொருள் எழுதினால் நாம் புள்ளி கொடுக்கமாட்டோம். அத்தகைய வாசகனிடம் மேலும் ஒரு கத்தரிக்கோலை ஒப்படைப்பதே புதிய சட்டத்தின் செயல்.

*

இதுவரை கூறியது கூற்றைப் பற்றியது. சட்டத்தின் பெருங்குறை கூற்றுக்கு அப்பால் உள்ளது.

பேஸ்புக்கையும் யூடியூப்பையும் சந்திச் சுவரைப் போலக் கருதுவோர் உளர். எவரும் வந்து ஒட்டலாம், எவரும் வந்து படிக்கலாம், சுவருக்குப் பொறுப்பில்லை என்பது அவர் வாதம். ஆயின், எந்தத் துண்டுப்பிரசுரம் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், எது மூலையில் மறைய வேண்டும், எவனுக்கு எதனைக் காட்டினால் அவன் நகராது நிற்பான் என்று கணந்தோறும் தீர்மானிக்கும் சுவர் உலகில் உண்டா? இத்தளங்களில் அதனைத் தீர்மானிப்பது அல்கோரிதம் என வழங்கும் கணிப்புமுறை. நூறு பேர் எழுதியவற்றுள் ஒன்றை இலட்சம் பேருக்குக் காட்டுவதும் தொண்ணூற்றொன்பதைப் புதைத்துவிடுவதும் அதன் தொழில். தொல்காப்பியர் மொழியிற் கூறுவதாயின், கூற்று மனிதனுடையது. கேட்போரையும் களனையும் காலத்தையும் தெரிவது கம்பனி. பயனும் கம்பனிக்கே.

அப்பயன் எத்தகையது என்பதை 2021இல் பிரான்செஸ் ஹோகன் என்னும் முன்னாள் ஊழியர் வெளிக்கொணர்ந்த உள்ளக ஆவணங்கள் காட்டின. 2017ஆம் ஆண்டு முதல், ஒரு பதிவுக்கு வாசகர் இடும் கோபக்குறி முதலிய உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்கு நிறை கொடுக்கப்பட்டது. கோபத்தை எழுப்பும் பதிவு கூடுதலானோரைச் சென்றடையும் என்பது இதன் பொருள். பின்னர் அந்நிறை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020இற் கோபக்குறியின் நிறை பூச்சியமாக்கப்பட்டது. ஆனால் திகன எரிந்த காலத்தில் அவ்வியந்திரத்தின் கணக்கில் ஒருவனின் சினம் அவனது விருப்பத்தினும் பன்மடங்கு பெறுமதியுடையதாயிருந்தது.

பொய்ச் செய்திகளை இனங்காண்பதற்குக் கம்பனி ஒதுக்கிய வளத்தில் 87 வீதம் அமெரிக்காவுக்கே சென்றது என்பதும் அவ்வாவணங்களின் வழியே தெரியவந்தது. நாளாந்தம் பயன்படுத்துவோரில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினரே வட அமெரிக்கர். எஞ்சிய உலகம் முழுவதற்கும் 13 வீதம். அப்பதின்மூன்றினுள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் கிடைத்த துளி எவ்வளவாக இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். பேஸ்புக்கை உடைமையாகக் கொண்ட மெட்டா கம்பனி 2024ஆம் ஆண்டிற் பெற்ற வருமானம் 16,400 கோடி டொலருக்கு மேல். இலங்கை மக்கள் அனைவரும் ஓராண்டு உழைத்து ஆக்கும் உற்பத்தியின் பெறுமதியிலும் அது மிகுதி. அவ்வருமானத்தின் மிகப் பெரும் பகுதி விளம்பரத்தால் வந்தது. விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டம் நமது கவனமேயாகும். முற்காலத்தில் அந்நியக் கம்பனிகள் நம் மலைகளிலிருந்து தேயிலையை ஏற்றிச் சென்றன. இக்காலக் கம்பனிகள் ஏற்றிச் செல்வது எடையற்ற பொருளாதலின், சுரண்டல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டம் கம்பனிகளை முற்றாக மறந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. அவற்றுக்கு நடைமுறைக் கோவைகளை வகுக்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டு; ஆணைக்கு இணங்காத கம்பனியைத் தண்டிக்கும் ஏற்பாடும், போலிக் கணக்குகளைத் தடுக்கும் ஏற்பாடும் உண்டு. சிறுவரைத் துஷ்பிரயோகத்திலிருந்தும், பெண்களை அந்தரங்கப் படங்கள் கொண்டு துன்புறுத்துவதிலிருந்தும் காக்கும் பிரிவுகள் வரவேற்கத் தக்கவை. எனினும், சட்டத்தின் முதன்மையான பொறிமுறை ஒரு தனிக் கூற்றிலிருந்தே தொடங்குகின்றது: இன்னார் இதனைச் சொன்னார், அகற்றுக. ஏன் அக்கூற்று இலட்சம் பேரிடம் கொண்டுசெல்லப்பட்டது, கொண்டுசென்றவன் எவ்வளவு சம்பாதித்தான் என்ற வினாக்களை அது கேட்கவில்லை. நெருப்பை வீசியவனைத் தேடும் சட்டம், காற்றை விற்றவனிடம் கணக்குக் கேட்காது விட்டது.

*

சட்டமூலம் வெளியானபோது, மெட்டா, கூகுள் முதலிய பெருங் கம்பனிகளை உறுப்பினராகக் கொண்ட ஆசிய இணையக் கூட்டமைப்பு அதனைக் கடுமையாக எதிர்த்தது. இது மாற்றுக் கருத்தை நசுக்கும் என்று அது கூறிற்று. கூற்று உண்மையே. ஆனால் நாம் கற்ற பாடத்தின்படி கூறியவர் யார், பயன் யாது என்று பார்க்க வேண்டும். தமக்குரிய கட்டுப்பாடு எதுவாயினும் அது பேச்சுச் சுதந்திரத்துக்கு ஊறு என்று முறையிடுவது கம்பனிகளின் வழக்கம். செய்திக்கு விலை கொடுக்குமாறு சட்டம் வந்தபோது 2021 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய மக்களின் செய்திகளை முடக்கியதும், 2023 ஆகஸ்ட் முதல் கனடாவிற் செய்திகளை முடக்கியதும் இதே பேஸ்புக்கேயாகும். எழுத்தாளனின் சுதந்திரமும் ஏகபோகக் கம்பனியின் சுதந்திரமும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன, அவை ஒன்றல்ல.

மறுபுறத்தில், இடதுசாரி நண்பர் சிலர் கேட்கின்றனர்: அந்நிய ஏகபோகத்தை அரசு கட்டுப்படுத்த முன்வரும்போது நாம் அதற்குத் துணைநிற்க வேண்டாமா? அரசு எவ்வர்க்கத்தின் கையில் உள்ளது என்ற வினாவை மறந்து எழுப்பப்படும் கேள்வி இது. 2022 ஏப்ரில் 3ஆந் திகதி, விலைவாசியும் மின்வெட்டும் தாங்காது மக்கள் வீதிக்கு வரவிருந்த வேளையில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி சமூக ஊடகங்கள் பல மணித்தியாலங்கள் முடக்கப்பட்டன. அன்று எந்தக் கலவரத்தைத் தடுக்க அது செய்யப்பட்டது? மக்கள் ஒன்றுகூடுவதைத் தடுக்கவே செய்யப்பட்டது. கம்பனியின் பிடியிலிருந்து சொல்லை மீட்டு ஆட்சியாளரின் பிடியிற் கொடுப்பது விடுதலையாகாது.

மூன்றாவது வழியொன்று உண்டா? 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டம் இவ்விடத்திற் கவனிக்கத் தக்கது. ஒன்றியத்துள் மாதந்தோறும் நாலரைக் கோடிப் பேருக்கு மேற் பயன்படுத்தும் தளங்கள் யாவும், தம் அமைப்பினாலேயே சமூகத்துக்கு விளையக்கூடிய ஆபத்துக்களை ஆண்டுதோறும் மதிப்பிட்டு அவற்றைக் குறைக்க வேண்டும். வாசகனை உளவு பார்த்துத் தெரிவு செய்யாத ஒரு முறையையேனும் அவனுக்கு வழங்க வேண்டும். ஆய்வாளருக்குத் தரவுகளைத் திறந்துவிட வேண்டும். தவறின் உலகளாவிய வருமானத்தில் ஆறு வீதம் வரை அபராதம் விதிக்கப்படலாம். 2025 டிசெம்பரில் எக்ஸ் கம்பனிக்கு 12 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. காரணம் எவரும் எழுதிய ஒரு சொல்லன்று. பணத்துக்கு விற்ற நீலக்குறியால் வாசகரை மயக்கியமை, விளம்பரப் பதிவேட்டை ஒளிவுமறைவின்றி வைக்காமை, ஆய்வாளருக்குத் தரவு மறுத்தமை என்பனவே குற்றங்கள். களனை விசாரிக்கும் சட்டம் இதுவெனலாம்.

இதனையும் நாம் பூசிக்க வேண்டியதில்லை. சந்தையை ஒழுங்குபடுத்த முதலாளித்துவ அரசுகள் இயற்றிய சட்டம் இது. இத்தளங்களின் உடைமை யாருடையது என்ற அடிப்படை வினாவை அது தொடவில்லை. அதற்கே வாஷிங்டன் காட்டிய சினம் சிறிதன்று. அதே டிசெம்பரில், இச்சட்டத்தை உருவாக்குவதில் முன்னின்ற முன்னாள் ஆணையாளர் தியரி பிரெத்தோன் உள்ளிட்ட ஐவருக்கு அமெரிக்க அரசாங்கம் விசா மறுத்தது. 2025 யூன் இறுதியில், அமெரிக்காவின் வர்த்தக நெருக்குதலால் கனடா தனது டிஜிட்டல் சேவை வரியைக் கைவிட நேர்ந்தது. கனடாவே பணிந்ததாயின், கடன் சுமையால் முதுகு வளைந்த இலங்கை தனித்து நின்று யாது செய்யும்? ஆதலால், தெற்காசிய நாடுகளும் பிற வறிய நாடுகளும் கூட்டாக நின்று பேரம் பேசாது இதிற் பயன் விளையாது. சிறுவிவசாயி தனித்துத் தரகனோடு பேசி வென்றதில்லை. கூட்டுறவே அவனுக்கு வலிமை தந்தது.

*

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றிய விவாதம் மூண்டபோது, உழைக்கும் மக்களின் பேச்சுத் தமிழ் இழிந்ததென்று கூறிய பண்டிதர்களை எதிர்த்து முற்போக்கு எழுத்தாளர் வாதாடினர். மட்டக்களப்பு மீனவனின் தமிழும், மலையகத் தொழிலாளியின் தமிழும், யாழ்ப்பாணத்துப் பஞ்சமரின் தமிழும் இலக்கியமாயின. இன்று வேறொரு பண்டிதன் வந்துள்ளான். அவன் இயந்திரம். ஆங்கிலத்தை நுணுகி அறிந்த அவன், நமது வட்டார வழக்கில் வரும் கேலியையும் வசையையும் ஒன்றெனக் கொள்கின்றான். உண்மையான வசையைக் கடந்து போகின்றான். நமது மொழிகளில் வணிகம் செய்து பொருளீட்டும் கம்பனி, அம்மொழிகளை அறிந்த போதிய மனிதரை நியாயமான சம்பளத்துடன் அமர்த்த வேண்டுமென்பதை எந்தச் சட்டத்திருத்தமும் முதற் கடமையாக விதித்தல் வேண்டும். இது மொழியுரிமை, தொழிலாளர் உரிமையுங்கூட.

தொகுத்துக் கூறுவதாயின், முற்போக்காளர் வற்புறுத்த வேண்டியவை நான்கு. ஒரு சொல் குற்றமானதா என்பதை நீதிமன்றமே துணிய வேண்டும். ஆட்சியாளர் நியமிக்கும் குழு துணியலாகாது. எழுதியமைக்காகச் சிறை என்ற ஏற்பாடு நீங்க வேண்டும். வன்முறைக்கு நேரே தூண்டுவோரைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டக்கோவை உண்டு. கம்பனிகளின் தெரிவுமுறை, விளம்பரக் கணக்கு, மொழிவாரியான பரிசோதகர் தொகை ஆகியன பகிரங்கமாக வேண்டும். இவற்றைப் பரிசீலிக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பத்திரிகையாளருக்கும் சட்டத்தால் உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை ஆசிரியர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. செய்யுளுக்குப் பொருள் கூறும் பாடவேளையிலேயே இதற்குரிய பயிற்சி உண்டு. இதனைச் சொன்னவர் யார், எவரை நோக்கிச் சொன்னார், இது என் கைக்கு எவ்வழியாக வந்தது, இதனை நான் நம்பினால் எவனுக்கு ஆதாயம் என்று கேட்கக் கற்ற மாணவன், கைத்தொலைபேசியில் வரும் செய்தியையும் அவ்வாறே கேட்பான். அத்தகைய பத்து மாணவர் இருந்த கிராமத்தில் மாத்திரைக் கதை ஒரு கடையை எரிக்கும் வலிமை பெற்றிருக்குமா? ஆணைக்குழு ஒன்றின் அறிவித்தல் வந்து சேர்வதற்குள் நெருப்பு பற்றிவிடும். வாசிக்கத் தெரிந்த மக்களோ முன்னரே அங்கு நிற்பார்கள். அம்மக்களை உருவாக்கும் பணி நம்முடையது.